மையத்து வீட்டுக்கு வரவேணும்

ராத்தா சிரித்தால் படம் நல்ல படம். எங்கள் ஒழுங்கையில், அந்த ஒற்றைச் சந்து முழுக்க, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி வீடியோ கெசட் வாடகைக்குக் கொண்டுவருகிற மருதமுனைக்காரர்கூட, கெசட்டைத் திருப்பி எடுக்க வரும்போது படம் எப்படி என்று என்னிடம் கேட்பதில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவ சிரிச்சாவா?" என்றுதான் கேட்பார். டெக் என்னுடையது, டீவி என்னுடையது, கரண்ட் பில்லும் என்னுடையது. மரியாதை மட்டும் அடுத்த வளவுக்குப் போகும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் எனக்குக் கூடப்பிறந்த ராத்தா இல்லை. பக்கத்து வளவுக்காரர், என்னைவிட மூத்தவர். ஒழுங்கை முழுக்க அவரை ராத்தா என்றது, நானும் என்றேன். மெலிந்த ஆள். பன்புல்லில் பாய் இழைத்து விற்றுத்தான் தன்னையும் ஒரே மகளையும் பார்த்துக்கொண்டார். படம் பார்க்க வரும்போதும் பாதி இழைத்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். கண் டீவியில் இருக்கும், விரல்கள் தம்பாட்டில் புல்லை மாற்றிக்கொண்டிருக்கும். விரல்கள் நின்றுவிட்டால் படம் பிடித்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

என் புருஷன் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது டீவியும் டெக்கும் கொண்டுவந்தார். லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார், டெக் என்னோடு இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே வசதியான ஏற்பாடு. லுஹர் தொழுது, சோறு தின்று, ஆண்கள் வயலிலோ கடையிலோ கடற்கரையிலோ இருக்கிற நேரம் பார்த்து ஒழுங்கைப் பெண்களெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சன்னல்களில் பழைய சாரன்களைத் தொங்கவிட்டு இருட்டாக்குவோம். அசர் பாங்கு சொல்வதற்குள் படம் முடிந்தாக வேண்டும்.

செத்த உடல்கள், நாங்கள் சொல்கிற மையத்துகள், எழும்பி வருகிற முதல் படம் தவறுதலாக வந்தது. நாங்கள் கேட்டிருந்தது ஒரு தமிழ்க் குடும்பப் படம். அழுவதற்கு முந்தானையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் வந்தது வெள்ளைக்காரர்களின் மையவாடி. கபுறு பிளந்து செத்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அதை நான் மறுத்ததும் இல்லை. ஆகவே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"செத்த ஆக்கள எழுப்புற கியாமத்து நாளப் படம் புடிச்சிரிக்கானுகள். நிப்பாட்டு புள்ள, பாவம்" என்றார் மூலையில் இருந்த ஒருவர். இரண்டு பேர் ஓதத் தொடங்கிவிட்டார்கள். நான் எழும்பி டெக்கின் பக்கம் போனேன். அப்போது திரையில் ஒரு செத்த மனிதன் ஒரு வீட்டுத் தோட்டத்து வாசலில் வந்து நின்றான். வாசலில் சின்னக் கொளுக்கி ஒன்று போட்டிருந்தது. அதை எப்படித் தூக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. குலுக்கினான், முட்டினான், பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றான்.

ராத்தா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கையை என் பக்கம் நீட்டினார்.

"இங்க பாரு புள்ள. சிரிக்கிறன், மயிரெல்லாம் எழும்பி நிக்கி. இவரு எங்கட ஆளு மாதிரியே. கடப்பத் துறக்கத் தெரியாது."

அதன் பிறகு படத்தை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எங்கட ஆள் என்றது அவருடைய புருஷனை. வேலியில் ஆள் நுழைகிற இடத்தை நாங்கள் கடப்பு என்போம். ராத்தாவின் கடப்பில் இரண்டு பக்கமும் துளையிட்ட கட்டைகள், நடுவே செருகி எடுக்கிற தடிகள். அந்த மனிதர் கடலிலிருந்து வந்தால் இரண்டு கையிலும் மீன் கோர்வை இருக்கும். அதைக் கீழே வைத்துத் தடியை உருவமாட்டார். கடப்படியில் நின்று, "புள்ள, கடப்பத் துற" என்று கூப்பிடுவார். ராத்தா அடுப்படியிலிருந்து ஏசிக்கொண்டே ஓடுவார். சூறாவளி அடித்த வருஷம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தோணியின் பலகைகூடக் கரைக்கு வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடப்புக்கு யாரும் தடி போட்டதில்லை. ஊர் ஆடுகள் எல்லாம் உள்ளே போய் முருங்கைக் கன்றைத் தின்றன, காயப்போட்ட உடுப்பைச் சப்பின. ராத்தா ஆட்டைத் துரத்துவார், தடியைத் தொடமாட்டார். தடிகள் வேலியோரம் சாய்ந்தபடி கறையான் ஏறிக் கிடந்தன.

முதல் படத்துக்குப் பிறகு அவருக்கு அந்த வகைப் படம்தான் வேண்டும் என்றாகிவிட்டது. மருதமுனைக்காரரும் தேடித் தேடிக் கொண்டுவந்தார். பயமும் பகிடியும் கலந்த மையத்துப் படங்கள் அவ்வளவு இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாதிக்கு மேல் குப்பை. ஏன் குப்பை என்று ராத்தா ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டுவார்.

ஒரு படத்தில் செத்தவர்கள் ஓட்டப் போட்டி மாதிரி ஓடினார்கள். "மவுத்தான ஆளுக்கு என்ன அவசரம்?" என்றார். இன்னொன்றில் செத்தவன் பல்லைக் காட்டிப் பகிடி விட்டான். "மையத்து பகிடி விடக் கூடா. அதுக்குத் தான் மையத்து எண்டே தெரியக் கூடா. உசிரோட இரிக்கிற ஆக்கள்தான் கூத்தாடணும்." வேறொன்றில் பகிடிக்கு மேல் பகிடி, யாரும் எதற்கும் பயப்படவில்லை. கதவைச் செத்தவர்கள் தட்டும்போது உள்ளே இருந்தவர்கள் கேக் தின்றார்கள். ராத்தாவின் விரல்கள் நிற்கவே இல்லை. "கதவு உடைஞ்சிரும் எண்டு நாம நடுங்கணும். நடுங்குற நேரம்தான் சிரிப்பு வரும். இவனுகள் கறிக்கு உப்புப் போடாம, உப்புக்குக் கறி போட்டிரிக்கானுகள்" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி வைத்திருந்தார். திரையில் செத்தவன் ஒருவன் வந்தால் உடனே என்னிடம் திரும்பி, "அது ஆருட மையத்து?" என்பார். எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் தெரிந்தவள் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொல்வேன்.

"அது அந்தப் பொம்பிளைட மாமா, ராத்தா."

"பொய் சொல்லாத. மாமா எண்டா அவ வேற மாதிரிக் கத்துவா. இது அறியாத ஆளக் கண்ட கத்தல்."

நன்றாகக் கவனித்தால் அது சரியாகத்தான் இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத செத்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து மண்வெட்டியால் அடிபட்டு விழுகிற படங்களை அவர் மதிப்பதே இல்லை. "செத்த ஆளு எழும்பினா எங்க போவாரு? வீட்டுக்குத்தானே வருவாரு? மையத்து வீட்டுக்கு வரவேணும் புள்ள. வீட்டுக்கு வராட்டி அது என்ன படம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாங்கள் சிரிப்போம். அவர் போன பிறகு, திறந்து கிடக்கிற அந்தக் கடப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கடப்பால் ஒரு வாழ்க்கை நின்றுபோயிருந்தது. அது ராத்தாவுடையதாக மட்டும் இருந்திருந்தால் ஊர் விட்டிருக்கும். மகளுக்குச் சம்மாந்துறையிலிருந்து ஒரு மாப்பிள்ளை சரிவந்தது. அரிசி ஆலையில் வேலை, நல்ல பொடியன், மகளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: பெண்ணின் வாப்பா ஹயாத்தா, மவுத்தா, உயிரோடு இருக்கிறாரா செத்துவிட்டாரா? நிக்காஹ்வுக்கு வாப்பா வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பாளராக, நின்று பெண்ணைக் கொடுக்க வேண்டும். அவர் மவுத்து என்றால் அவருடைய தம்பி நிற்கலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நிக்காஹ்வில் யாருடைய பெயரை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குக் குழப்பம். ராத்தா புருஷன் மவுத்து என்று ஒப்புக்கொண்டால் மார்க்க வழக்குத் தீர்க்கிற காழியார் முடிவு சொல்வார். பிறகு ராத்தா இத்தா இருக்க வேண்டும். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கிற அந்தக் கடமையை அவர் இன்னும் தொடங்கவே இல்லை.

ராத்தாவின் காக்கா, அவருடைய அண்ணன், வந்து கெஞ்சியது என் அடுப்படிக்குக் கேட்டது.

"ஒரு சொல்லுத்தானேம்மா. மவுத்து எண்டு சொல்லு."

"மையத்தக் காட்டுங்க காக்கா, சொல்லுறன்."

"கடலுக்குப் போனவன்ட மையத்த நான் எங்கிருந்து காட்டுற?"

"மறுகா எப்பிடி என்னச் சொல்லச் சொல்லுறீங்க? நான் சொல்லி முடிச்ச கையோட அவரு வந்து கடப்படியில நிண்டா?"

காக்கா தலையிலடித்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டார் நோன்பு வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகு வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார்கள். மகள் சத்தம் போடுகிற பிள்ளை இல்லை. ஒருநாள் என் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவித் தந்தபடியே சொன்னாள்: "சாச்சி, உம்மா வாப்பாவ வெச்சிரிக்கா. என்ன வெச்சிரிக்கல்ல." நான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

அந்த நாட்களில்தான் மருதமுனைக்காரர் ஒரு கெசட்டைத் தயங்கித் தயங்கி எடுத்தார். "இது ஓடாத படம். கல்முனையில ஒரு வீட்டுல பாதியில நிப்பாட்டிட்டாங்க. பயமும் இல்லயாம், பகிடியும் இல்லயாம். ராத்தா பாத்துச் சொல்லட்டும்" என்றார். லேபல் இல்லை. பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தப் படத்தில் ஒரே ஒரு மையத்துத்தான். கோட்டும் டையும் கட்டிய ஒரு கிளார்க். கபுறிலிருந்து எழும்பி, உடம்பில் மண்ணோடு, பஸ்சுக்கு வரிசையில் நின்றான். முன்னால் நின்ற கிழவி அவனிடம் நேரம் கேட்டாள். அறை சிரிப்பில் குலுங்கியது. பஸ்சில் ஏறி, தன் தரிப்பில் இறங்கி, தன் வீட்டுக்கு நடந்தான்.

"வீட்டுக்கு வாறான்" என்றார் ராத்தா. விரல்கள் நின்றுவிட்டன.

மனைவி கதவைத் திறந்தாள். கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டதும் ராத்தா என் தொடையில் ஒரு அடி போட்டார். "கேட்டியா? இதுதான் தெரிஞ்ச ஆளுக்குக் கத்துற கத்தல்." பிறகு அந்த மனைவி பட்ட பாடுதான் படம். அயலுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தாள். மணக்காமல் இருக்கப் பவுடர் பூசினாள். அவன் தன் பழைய கதிரையில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தான். கொடுத்த கோப்பையையெல்லாம் விழுத்தினான். அவள் ஏசிக்கொண்டே பொறுக்கினாள். ராத்தா சிரித்த சிரிப்பில் பாய் சுருண்டு எங்கோ உருண்டது. "ஏசுறா பாரு! செத்து வந்த ஆளையும் ஏசுறா!" நாங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தது பாதி, ராத்தாவைப் பார்த்துச் சிரித்தது பாதி.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அவர்களுடைய மகள் வந்தாள். வாப்பாவைக் கண்டதும் ஓடிப்போனாள். அவன் எழும்பினான். அவளைப் பார்த்தான். பஸ் வரிசையில் கிழவியைப் பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்துகொண்டு பிள்ளையின் கழுத்தை நோக்கிக் குனிந்தான்.

"வீட்டுக்கு வழி தெரியிது" என்று ராத்தா மெதுவாகச் சொன்னார். "புள்ளயத் தெரியல்ல."

மனைவி பிள்ளையைப் பிடுங்கிப் பின்னால் தள்ளினாள். அவனை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அவனுடைய டை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த அந்தத் துண்டு, அவன் வெளியே இழுக்க இழுக்கத் துடித்தது. அறையில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி கதவில் முதுகைச் சாய்த்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, அவளும் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு நின்றாள். ராத்தா சிரிக்கவில்லை. திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே சுவரோரம் அவருடைய மகள் இருந்தாள். மகளை நீண்ட நேரம் பார்த்தார்.

அந்தக் கட்டத்தில் படம் வெட்டுப்பட்டு யாரோ ஒருவருடைய கலியாணம் வந்துவிட்டது. கெசட் கடையில் வெறும் கெசட் என்று நினைத்து மிச்சத்தின் மேல் கலியாண வீடியோவைப் பதிந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் சிரிப்பதற்குச் சக்தியில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"மறுகா என்ன நடந்த?" என்று ராத்தா என்னிடம் கேட்டார். "அவன் போயிட்டானா, வாசல்லயே நிக்கானா?"

முதல் தடவையாக, எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் வளவு கூட்டும்போது மரம் மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. ராத்தா தடிகளிலிருந்து கறையானைத் தட்டி, ஒவ்வொன்றாகக் கட்டையில் செருகிக்கொண்டிருந்தார். கடைசித் தடி துளையில் இறங்க மறுத்தது. கல்லால் அடித்து இறக்கினார். பிறகு காக்காவுக்கு ஆளனுப்பினார். காக்கா தடியை உருவி உள்ளே வந்ததும் ராத்தா நின்றபடியே, "அவரு மவுத்து" என்று சொன்னார். காக்கா கடலைப் பார்த்து இன்னாலில்லாஹி சொன்னார். மகள் உள்ளே விம்மியது வேலி வரை கேட்டது.

காழியார் முடிவு சொல்லி, ராத்தா வெள்ளை உடுத்து இத்தா இருந்தபோது நான் சோறு கொண்டு போவேன். வீட்டு அறையில் கடப்பின் பக்கம் இருந்த சன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். மருதமுனைக்காரரிடம் அந்தப் படத்தின் முடிவை விசாரித்தேன், அவருக்கும் தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னேன்.

"அது தேவல்ல புள்ள. எனக்குத் தெரியும். அவன் போகல்ல, அங்கதான் நிக்கான்." பாயை இழைத்தபடியே சொன்னார். "நான் தடியப் போட்ட அண்டைக்கு ஒரு பாரம் வந்து அதுல சாஞ்ச மாதிரி இரிந்திச்சு. கூப்பிடுவாரோ எண்டு பாத்தன். கூப்பிடல்ல. பாவம், நிக்கட்டும். நான் துறக்க மாட்டன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது கடப்பைத் தாண்டக் கால் கூசியது. ஆள் போக வர உருவிய தடிகளைத் திரும்பச் செருகும்போது வெளிப்பக்கம் பார்க்காமல் செருகினேன். பிறகு வந்த யுத்த வருஷங்களில் எங்கள் கரையில் வேறு பல வீடுகளில் பிள்ளைகள் போய்த் திரும்பாமல், கடப்புகள் திறந்தே கிடந்தன. அந்த வாசல்களைக் காணும்போதெல்லாம் ராத்தா கல்லால் அடித்த அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

இத்தா முடிந்து கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நோன்பு தாண்டியும் பொறுத்திருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நல்லதைக் கொடுக்கட்டும். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அசருக்குப் பிறகு சம்மாந்துறைக் கூட்டம் வான்களில் வந்து இறங்கி, மாப்பிள்ளையை நடுவில் விட்டு ஒழுங்கையால் நடந்து வந்தது. கடப்படிக்கு வந்தால் தடி போட்டிருக்கிறது. கலியாண வீட்டில் கடப்பைத் திறந்து வைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லையா என்று காக்கா கத்திக்கொண்டு ஓடினார்.

"நீங்க விடுங்க காக்கா" என்று ராத்தா முன்னால் வந்தார். புது முக்காடு, கையில் மருதோன்றிச் சிவப்பு. ஒவ்வொரு தடியாக உருவி வேலியோரம் சாய்த்தார். மாப்பிள்ளை காலை எடுத்து வைத்தார்.

"பொறுங்க மகன்" என்றார் ராத்தா.

மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டார். முழுக் கூட்டமும் நின்றது. ராத்தா ஒரு பக்கமாக ஒதுங்கி, முக்காட்டை இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார், இரண்டு கையும் நிறையச் சுமையோடு வருகிற ஒருவருக்கு வழி விடுவதைப் போல. "மண்ணோட வாறீங்க, காலக் கழுவிட்டுப் போங்க" என்று வாய்க்குள் ஏசினார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது கேட்டது. பிறகு நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப வாங்க."

என்ன நடந்தது என்று தெரியாத சம்மாந்துறைக்காரர்கள், பெண்ணின் உம்மா நல்ல முசுப்பாத்திக்காரி என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பார்த்தேன். மயிரெல்லாம் எழும்பி நின்றது.